கோளைப் பிடித்த பொறி: கோளரங்கத்தின் வரலாறு குறித்து

‘பிளானட்டேரியம்’ என்பதற்கு இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். இந்தியிலும் வங்காளத்திலும் அது தாராமண்டல், மராத்தியில் தாராங்கண், கன்னடத்தில் தாராலய, தெலுங்கில் நட்சத்திரசாலை. மண்டலம், முற்றம், ஆலயம், சாலை என்று பின்னொட்டு மாறினாலும் முன்னிற்பது விண்மீனே. இவ்வரிசையில் தமிழ் மட்டும் கோளை முன்னிறுத்திக் ‘கோளரங்கம்’ என்கிறது.

இச்சொல்லைக் ‘கோளம் + அரங்கம்’ என்று பிரித்து, உருண்டை வடிவ அரங்கம் எனப் பொருள்கொள்வோர் உண்டு. மரம் + அடி ‘மரவடி’ ஆவதுபோல், கோளம் + அரங்கம் ‘கோளவரங்கம்’ என்றே புணரும். ஆகவே இது கோள் + அரங்கம்தான். ‘கோள்’ என்பதோ ‘கொள்’ என்னும் வினையின் முதனிலை நீண்டு பிறந்த தொழிற்பெயர்; கெடு ‘கேடு’ ஆனதைப் போன்றது. கொள்வது, பற்றுவது என்பதே அதன் அடிப்பொருள். வடமொழியின் ‘கிரக’ என்பதற்கும் ‘பற்றுதல்’ என்பதே வேர்ப்பொருள். ‘கிரகணம்’ அதே வேரில் முளைத்தது. கிரேக்கர் இவ்வொளிகளை ‘அலைபவை’ என்றனர். அதிலிருந்தே ‘பிளானட்’ வந்தது. அலைபவை என்பது கண்டதைச் சொல்லும் பெயர். பற்றுபவை என்பதில் ஓர் அச்சமும் கலந்திருக்கிறது.

இரு வகைப் பெயர்களில் எது சரி என்பது இப்பதிவின் கேள்வியன்று. இரண்டுமே சரி. இன்று கோளரங்கம் எனப்படும் கருவிக்கு இரண்டு மூதாதையர் உண்டு: கோள்களின் இயக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டிய பொறி ஒன்று, விண்மீன்களால் மனிதனைச் சூழ்ந்த உருண்டை மற்றொன்று. பல நூற்றாண்டுகள் தனித்தனியே வளர்ந்த இவ்விரண்டும் 1923-இல்தான் ஒரே கருவிக்குள் இணைந்தன. கோள்களைக் குறித்த அச்சத்துக்கும் இக்கருவிக்கும் உள்ள தொடர்பு அதைவிட முக்கியமானது. அது ஐரோப்பாவில் ஒருமுறையும் இந்தியாவில் ஒருமுறையும் வெளிப்படையாகத் தெரிந்தது.

1. கணக்கிடும் பொறி

‘பிளானட்டேரியம்’ என்னும் இலத்தீன் வடிவச் சொல் முதலில் கட்டடத்தைக் குறிக்கவில்லை. மேசைமேல் வைக்கத்தக்க ஓர் இயந்திரத்தைக் குறித்தது. டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1682-இல் செய்வித்த கோள்பொறி இதற்குத் தக்க சான்று. ஒவ்வொரு கோளின் சுற்றுக்காலத்துக்கும் ஏற்பப் பல்சக்கரங்களின் பற்களை எண்ணி அமைத்தால், ஒரே கைப்பிடியைச் சுழற்றி எல்லாக் கோள்களையும் அவற்றுக்குரிய விகிதத்தில் நகர்த்தலாம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இத்தகைய பொறியொன்று ஆரரி பிரபுவுக்காகச் செய்யப்பட்டது. அவர் பெயராலேயே இவ்வகைப் பொறிகள் ‘ஆரரி’ எனப்பட்டன.

இம்மரபின் உச்சம் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துப் பகுதியில், ஃபிரானெக்கர் என்னும் சிற்றூரின் வீடொன்றில் இன்றும் இயங்குகிறது. அதைக் கட்டிய ஐசே ஐசிங்கா கம்பளி சிக்கெடுக்கும் தொழில் செய்தவர். பல்கலைக்கழகம் சென்று பயிலாதவர். 1774 மே மாதத்தில் சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் ஆகியவை வானில் ஒரே பகுதியில் நெருங்கித் தோன்றவிருந்தன. இச்சேர்க்கையால் பூமி தன் பாதையிலிருந்து இழுக்கப்பட்டு அழியக்கூடும் என்று ஒரு மதகுரு எழுதிய சிறு நூல் அப்பகுதி மக்களிடையே பீதியைப் பரப்பியது. குறித்த நாள் வந்தது; ஒன்றும் நிகழவில்லை. ஆயினும் ஐசிங்கா தன் வீட்டு முன்னறையின் மேற்கூரையில் ஒரு கோள்பொறியை அமைக்கத் தொடங்கி, 1781-இல் முடித்தார்.

கூரையின் நடுவில் சூரியன்; சுற்றிலும் வட்டப் பிளவுகள்; அவற்றிலிருந்து தொங்கும் சிறு உருண்டைகளே கோள்கள். மரப்பலகைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல், மரச்சக்கரங்கள் சுழல்கின்றன. அச்சக்கரங்களின் பற்கள் கையால் அடித்த சுமார் 10,000 ஆணிகள். எல்லாவற்றையும் இயக்குவது ஓர் ஊசல் கடிகாரம். கோள்கள் இங்கே உண்மையான வேகத்திலேயே நகர்கின்றன என்பதுதான் இதன் சிறப்பு. புதன் ஒரு சுற்றை முடிக்க 88 நாள். சனி முடிக்க 29 ஆண்டுகளுக்கு மேல். அளவுகோல் ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் கிலோமீட்டர்.

பொறி முடிவடைந்த அதே 1781-இன் மார்ச் மாதத்தில் வில்லியம் ஹெர்ஷெல் யுரேனஸைக் கண்டறிந்தார். ஐசிங்காவின் அளவுகோலில் அக்கோள் சூரியனிலிருந்து ஏறத்தாழ 2.9 மீட்டர் தொலைவில் சுற்ற வேண்டும். அறையில் அதற்கு இடமில்லை. அன்று முதல் இன்றுவரை அக்கூரையில் சனியே கடைசிக் கோள். உலகில் இன்றும் இயங்கும் கோள்பொறிகளுள் மிகப் பழையது இதுவே. 2023-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஐசிங்கா அச்சத்துக்கு மறுப்பு நூல் எழுதி விவாதத்தில் இறங்கவில்லை என்பது கருதத்தக்கது. கோள்கள் இன்று எங்குள்ளன, நாளை எங்கிருக்கும் என்பதை யாரும் வந்து பார்க்கும்படி வைத்தார். சேர்க்கை என்பது வெவ்வேறு தொலைவுகளில் இருக்கும் உருண்டைகள் ஒரே திசையில் தெரிவது மட்டுமே என்பதை அக்கூரையின் கீழ் நிற்கும் எவரும் தாமே உணரலாம்.

2. சூழும் உருண்டை

இரண்டாவது மரபு வானத்தின் தோற்றத்தைப் பற்றியது. ஆரியபடர் தம் ‘ஆரியபடீயம்’ நூலின் கோளபாதத்தில், மரத்தால் சீராகச் செய்த உருண்டையொன்றைப் பாதரசம், எண்ணெய், நீர் ஆகியவற்றின் துணையால் காலத்தோடு ஒத்துச் சுழலச் செய்யும் முறையைக் குறிப்பிடுகிறார். இத்தகைய கோளங்களைப் பார்ப்பவர் வெளியே நிற்கிறார். வானத்தையோ நாம் உள்ளிருந்து பார்க்கிறோம். இம்முரண்பாட்டைத் தீர்க்க உருண்டையைப் பெரிதாக்கி ஆளை உள்ளே அமர்த்த வேண்டும்.

17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட ஜெர்மனியின் கோட்டோர்ஃப் அரண்மனையில் ஆடம் ஒலியாரியஸின் மேற்பார்வையில் அது செய்யப்பட்டது. சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள அவ்வுருண்டையின் வெளிப்புறம் உலகப்படம், உட்புறம் வானம். உள்ளே வட்டப் பலகையில் பத்துப்பேர் அளவில் அமரலாம். விளக்கொளியில் மின்னும் உலோகத் தலைகளே விண்மீன்கள். பின்னர் அது ருஷ்யாவின் மகா பீட்டருக்குப் பரிசாகச் சென்றது; 1747-இல் தீக்கிரையாகி மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. 1913-இல் சிகாகோவில் அமைந்த ஆட்வுட் கோளம் இம்மரபின் கடைசிப் பெரிய முயற்சி. 15 அடி விட்டமுள்ள தகட்டு உருண்டை. அதில் 692 துளைகள். வெளியொளி துளைகளின் வழியே விண்மீனாகத் தெரியும். மின்மோட்டார் உருண்டை முழுவதையும் பார்வையாளரைச் சுற்றிச் சுழற்றும்.

இந்தியாவிலும் இத்திசையில் ஓர் எண்ணம் இருந்தது. இரண்டாம் சவாய் ஜெய்சிங் தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் அமைத்த ‘ஜெயப்பிரகாச யந்திரம்’ தரைக்குள் பதித்த அரைக்கோளக் கிண்ணம். மேலே இழுத்துக் கட்டிய கம்பிகளின் நடுவில் தொங்கும் வளையத்தின் நிழல் கிண்ணத்தின் உட்புறக் கோடுகளில் விழும்போது, சூரியனின் இடம் தெரியும். தலைக்கு மேலுள்ள வானத்தின் கவிழ்த்த படிவமே அக்கிண்ணம். நோக்குபவர் அதனுள் இறங்கிச் செல்லலாம். அது காட்சிக்கன்று, அளவீட்டுக்கு. ஆயினும் வானத்தைக் கட்டடமாக்கி உள்ளே நுழையலாம் என்னும் கருத்து அதில் உள்ளது.

உருண்டை மரபுக்கு இரு தடைகள் இருந்தன. சுழலும் உருண்டையை ஓர் அளவுக்கு மேல் பெரிதாக்க இயலாது. தகட்டில் இட்ட துளை இடம் மாறாது. கோளோ நாள்தோறும் இடம் மாறும். அதாவது, விண்மீனைக் காட்ட வல்ல உருண்டையால் கோளைச் சரிவரக் காட்ட முடியவில்லை. கோளைக் கணக்கிட்ட பொறியால் வானத்தைக் காட்ட முடியவில்லை.

3. யேனாவின் அதிசயம்

மியூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியத்தை நிறுவிய ஓஸ்கார் ஃபொன் மில்லர் இரண்டையும் விரும்பினார். சூரியனை மையமாகக் கொண்டு வெளியிலிருந்து பார்க்கும் ‘கோப்பர்நிக்கஸ் கோளரங்கம்’ ஒன்று. பூமியிலிருந்து தோன்றும் வானத்தைக் காட்டும் ‘தாலமி கோளரங்கம்’ ஒன்று. இதற்காக யேனா நகரின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தை 1913-இல் அணுகினார். இடையில் முதல் உலகப்போர் வந்தது.

1919-இல் ஸைஸ் பொறியாளர் வால்தர் பௌவர்ஸ்ஃபெல்ட் சிக்கலைத் தலைகீழாக்கினார். உருண்டையைச் சுழற்ற வேண்டியதில்லை. குவிமாடம் அசையாமல் நிற்கட்டும். அதன் உட்புறம் வெண்திரை ஆகட்டும். நடுவில் நிற்கும் சிறு கருவி சுழன்று ஒளிப்புள்ளிகளை அத்திரையில் வீழ்த்தட்டும். சோதனைக்காக யேனாவின் தொழிற்சாலை மாடியில் 16 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் எழுப்பப்பட்டது. இரும்புக் கம்பி வலைமேல் மெல்லிய கான்கிரீட் பூசிய அக்கூரை கட்டடவியல் வரலாற்றிலும் இடம்பெற்றது. 1923 அக்டோபர் 21 அன்று மியூனிக்கில் முதல் காட்சி நடந்தது. 1925 மே 7 முதல் அது நிலையான அரங்கமானது. மக்கள் அதனை ‘யேனாவின் அதிசயம்’ என்று அழைத்தனர்.

அக்கருவியின் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்பது தகும். நடுவில் ஒரு விளக்கு. அதைச் சூழ்ந்து 31 ஒளிவீழ்த்திகள். ஒவ்வொன்றிலும் வானத்தின் ஒரு துண்டுக்குரிய நுண்துளைத் தகடும் ஒரு வில்லையும் உண்டு. ஒளி மிகுந்த மீனுக்குப் பெரிய துளை, மங்கிய மீனுக்குச் சிறிய துளை. துண்டுகள் குவிமாடத்தில் விளிம்பு தெரியாமல் பொருந்தும்போது 4,500 விண்மீன்கள் கொண்ட வானம் உருவாகும். இந்த உருண்டையை வானத்துருவ அச்சில் சுழற்றினால் மீன்கள் எழுந்து மறையும். ஒரு நாள் சில நிமிடங்களில் முடியும். முதல் கருவி மியூனிக்கின் அகலாங்கு வானத்தை மட்டுமே காட்டியது. சில ஆண்டுகளில் வந்த இரண்டாம் வகை, இரு முனைகளிலும் உருண்டை கொண்டு, வட, தென் வானங்கள் இரண்டையும் சேர்த்துச் சுமார் 8,900 மீன்களை எந்த அகலாங்கிலிருந்தும் காட்ட வல்லதாயிற்று. அடிவானத்துக்குக் கீழே மீனொளி சிதறாதிருக்க, கண்ணிமை போன்ற மூடிகள் தம் எடையாலேயே சாய்ந்து வில்லைகளை மறைத்தன.

கோள்களுக்கான ஏற்பாடே இக்கருவியின் அறிவுநுட்பம். ஒவ்வொரு கோளுக்கும் இரு சக்கரங்கள். ஒன்று பூமியின் பாதையையும், மற்றொன்று அக்கோளின் பாதையையும் சிறிய அளவில் பின்பற்றிச் சுழல்கின்றன. பூமிக்குரிய முனையையும் கோளுக்குரிய முனையையும் ஒரு தண்டு இணைக்கிறது. பூமியிலிருந்து அக்கோள் எத்திசையில் தெரியுமோ, அத்திசையையே தண்டு காட்டும். கோளின் ஒளிவீழ்த்தியும் அத்திசையில் திரும்பும். பூமி செவ்வாயை முந்திச் செல்லும்போது தண்டு பின்புறமாகச் சாய்கிறது. குவிமாடத்தில் செவ்வாய் பின்னோக்கிச் செல்கிறது. நம் பஞ்சாங்கங்கள் ‘வக்கிரம்’ என்று குறிக்கும் இயக்கம் இதுவே.

இங்கு நிகழ்வதைக் கவனிக்க வேண்டும். கருவியின் உள்ளே இயங்குவது கோப்பர்நிக்கஸின் உலகம். குவிமாடத்தில் தோன்றுவது தாலமியின் உலகம். ஐசிங்காவின் கூரைப்பொறி சுருங்கி இக்கருவியின் வயிற்றுக்குள் சென்றது. கோட்டோர்ஃப் உருண்டை விரிந்து கட்டடமானது. பிளானட்டேரியம் என்னும் சொல்லும் அவ்வழியே பொறியிலிருந்து கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது.

இதனால் ஒரு விளைவும் நேர்ந்தது. ஃபிரானெக்கரில் விளக்கம் கண்முன் இருந்தது. தோற்றத்தை மனத்தால் ஊகிக்க வேண்டும். யேனாவின் கருவியில் தோற்றம் கண்முன் இருக்கிறது. விளக்கம் இருட்டில் ஒளிந்திருக்கிறது. செவ்வாய் ஏன் பின்வாங்குகிறது என்பதைக் கருவி தானே சொல்லாது. அதைச் சொல்ல ஒரு குரல் தேவை. ஆகவே கோளரங்கத்தின் மூன்றாம் உறுப்பு, இருளில் நின்று பேசும் விளக்கவுரையாளர்.

4. இந்தியாவில், 1962

இந்தியாவில் புணேயின் நியூ இங்கிலீஷ் பள்ளியில் 1954-இலேயே ஒரு சிறு கோளரங்கம் அமைந்தது. பெரிய அளவில் முதலாவது கொல்கத்தாவின் பிர்லா கோளரங்கம். அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஆண்டு 1962 என்பது கவனத்துக்குரியது.

அவ்வாண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை சூரியன், சந்திரன், கண்ணுக்குப் புலனாகும் ஐந்து கோள்கள் ஆகிய ஏழும் மகர ராசியில் கூடின. கேதுவையும் சேர்த்து எண்ணி, சோதிடர் இதனை ‘அஷ்டக்கிரகச் சேர்க்கை’ என்றனர். உலகம் அழியும் என்னும் பேச்சு நாடெங்கும் பரவியது. பல ஊர்களில் பெரும் வேள்விகள் நடந்தன; மக்கள் திரண்டனர். நாள்கள் கடந்தன; ஒன்றும் நிகழவில்லை. 188 ஆண்டுகளுக்கு முன் ஃபிரீஸ்லாந்தில் நடந்தது, ஏறக்குறைய அதே வடிவில் மீண்டும் நடந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று கொல்கத்தாவில் கோளரங்கம் திறந்தது. 1963 ஜூலை 2 அன்று நேரு அதனை முறைப்படி தொடங்கி வைத்தார். அஷ்டக்கிரகப் பீதிக்கு விடையாக அது கட்டப்பட்டது என்று சொல்வது பிழை. அத்தகைய கட்டடம் சில மாதங்களில் எழுவதன்று, திட்டம் முன்னரே இருந்தது. ஆயினும், பிப்ரவரியில் வேள்விக்குத் திரண்ட அதே சமூகத்துக்கு, அதே கோள்களின் அதே சேர்க்கையை எந்த நாளுக்கும் வரவழைத்துக் கலைத்துக் காட்டும் கருவி செப்டம்பரில் கிடைத்தது. சாஞ்சித் தூபியைப் பின்பற்றிய அதன் வடிவமும் சிந்திக்கத்தக்கது. தூபிக்கு உள்ளிடம் இல்லை, வலம்வரும் வெளிப்புறமே உண்டு. கோளரங்கத்துக்கோ உள்ளிடமே பொருள்.

பின்வந்த வரிசை நன்கறிந்ததே: மும்பை 1977, தில்லி 1984, சென்னை 1988, பெங்களூர் 1989. மும்பை, தில்லி, பெங்களூர் மூன்றும் நேருவின் பெயர் தாங்கியவை. ‘அறிவியல் மனப்பான்மை’ என்னும் கருத்தைத் தம் நூலில் வலியுறுத்தியவர் அவர். 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் அது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகச் சேர்ந்தது. ராகேஷ் சர்மாவைப் பூமிக்குத் திருப்பிக் கொணர்ந்த சோயுஸ் டி-10 கலம் தில்லிக் கோளரங்கத்தில் வைக்கப்பட்டதும் இவ்வரலாற்றின் பகுதியே. கோள்களின் பார்வைக்கு அஞ்சியிருந்தவர்களை, கோள்களை நோக்கிச் செல்பவர்களாகக் காட்டும் அரசியல் அதில் உண்டு.

5. இன்று

1983-இல் அமெரிக்காவில் ‘டிஜிஸ்டார்’ என்னும் கணினிவழி ஒளிவீழ்த்தி வந்தது முதல், பல்சக்கரங்களின் இடத்தைக் கணிப்பு பிடித்துவருகிறது. இதனால் பெற்றது பெரிது. பழைய கருவி பார்வையாளரைப் பூமியோடு கட்டிப்போட்டிருந்தது. புதியது சனியின் வளையத்துக்கு அருகிலும் பால்வீதிக்கு வெளியிலும் கொண்டுசெல்லும். வேண்டுமானால் தாலமியின் வானத்தையும் கோப்பர்நிக்கஸின் கூரையையும் ஒரே அமர்வில் மாற்றி மாற்றிக் காட்டலாம். ஃபொன் மில்லர் இரு தனி அறைகளில் வைக்க விரும்பியதை ஓர் அறையிலேயே காட்டலாம்.

இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. பல அரங்குகளில் இப்போது ஓடுவது முன்பே ஆக்கப்பட்ட குவிமாடத் திரைப்படமும் பதிவுசெய்த குரலும். திரைப்படத்தை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. கோளரங்கமோ அடிப்படையில் கேள்விக்கு விடை சொல்லும் கருவி: இந்த நாளில், இந்த ஊரில், இந்தக் கோள் எங்கே? 1774-இன் அச்சத்தையும் 1962-இன் அச்சத்தையும் எதிர்கொள்ள வல்லது அந்த விடையே; அண்டத்தின் பிரமாண்டத்தைக் காட்டும் காட்சி வியப்பைத் தரும், அச்சத்தைத் தணிக்காது. கணினிக் கருவி இவ்வினாவுக்கு முன்னைவிட விரைவாக விடை சொல்லும் என்பதால், குறை கருவியில் இல்லை. நிகழ்ச்சியை எப்படி அமைக்கிறோம் என்பதில் உள்ளது.

சங்கத்தமிழ் விண்மீனை ‘நாண்மீன்’ என்றும் கோளைக் ‘கோண்மீன்’ என்றும் பிரித்தறிந்தது. ஒளிரும் புள்ளிகளுள் எது நிலையானது, எது இடம் மாறுவது என்று பல இரவுகள் தொடர்ந்து நோக்கியவர்க்கே அப்பிரிவு புலப்பட்டிருக்கும். நகர விளக்குகளுக்கிடையே வாழும் மாணவர் பலர்க்கு இன்று அவ்வேறுபாட்டைக் கண்ணால் காணும் வாய்ப்புள்ள இடம் கோளரங்கம் மட்டுமே. அதை அவர்க்குச் சுட்டிக்காட்டும் விளக்கவுரையாளர்கள், வங்காளத்திலும் மராத்தியிலும் கன்னடத்திலும் தமிழிலும் இருட்டில் நின்று பேசிய உரைகள், அறிவியல் தமிழின், இந்திய மொழிகளின் அறிவியல் நடையின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். கருவிகளை அருங்காட்சியகத்தில் வைக்கிறோம். பேசப்பட்ட உரைகள் காற்றோடு போகின்றன. ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள், தத்தம் ஊர்க் கோளரங்கத்தின் பழைய உரைப்படிகளையும் ஒலிப்பதிவுகளையும் ஓய்வுபெற்ற உரையாளர்களின் நினைவுகளையும் சேகரிக்க முன்வந்தால், அவ்வரலாற்றை எழுத இன்னும் காலம் இருக்கிறது.